காய்ந்த தார்ச்சாலையில் 4 ஹை: மலை ஏறி முடித்த பின் கழலாத லிவர்

2024 மார்ச் 10, வாசகர் ஒருவரின் கேள்வி

"அண்ணா, சென்ற ஆண்டு பழைய ஃபோர் பை ஃபோர் ஜீப் ஒன்றை வாங்கினேன். சென்ற வாரம் குடும்பத்துடன் கொல்லிமலைக்குச் சென்றபோது, நான்கு சக்கரமும் இழுத்தால் மலைப்பாதையில் வண்டி சாலையைக் கவ்விப் பிடிக்கும் என்று நண்பர் சொன்னதால், காரவள்ளி அடிவாரத்திலேயே நான்கு சக்கர நிலையான 4 ஹையில் போட்டுவிட்டேன். மழை இல்லை, தார் காய்ந்து கிடந்தது. பாதி ஏறியதும் ஸ்டியரிங் கனத்தது, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முன் டயர்கள் கிரீச்சிட்டன, வண்டி தவ்வித் தவ்வி நகர்ந்தது. செம்மேட்டில் நிறுத்தி, பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் 2 ஹைக்கு மாற்ற முயன்றால் லிவர் அசையவில்லை. இரண்டு கைகளாலும் இழுத்ததில் பெரிய சத்தத்துடன் கழன்றது. அன்று முதல் கிளம்பும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் அடியில் 'டக்' என்று ஓர் ஓசை கேட்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் தரைத்தகடு அதிர்கிறது. எஞ்சின் விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்தனுப்பும் பெட்டியான ட்ரான்ஸ்ஃபர் கேஸையே மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா? இன்னொன்று: இடது வளைவும் வலது வளைவும் மாறி மாறித்தானே வருகின்றன? ஒரு வளைவில் தண்டுகளில் ஏறிய முறுக்கு அடுத்ததில் இறங்கியிருக்க வேண்டாமா?"

2024 மார்ச் 10, இரவு

பெட்டியை மாற்ற ஒப்புக்கொள்ள வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் ட்ரான்ஸ்ஃபர் கேஸைத்தான் குற்றவாளியாகக் காட்டும் அறிகுறி ஒன்றுகூட இல்லை. அதற்கு முன் பார்க்க வேண்டிய, விலை குறைந்த பாகங்கள் பல இருக்கின்றன.

முதலில் என்ன நடந்தது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். வளைவில் திரும்பும் வண்டியின் நான்கு சக்கரங்களும் நான்கு வெவ்வேறு வட்டங்களில் ஓடுகின்றன. ஒரே அச்சின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான வேறுபாட்டை, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரத் தொகுதியான டிஃபரென்ஷியல் பார்த்துக்கொள்கிறது. ஆனால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே அப்படி ஒன்று உங்கள் வண்டியில் கிடையாது. 4 ஹையில் போட்ட கணத்திலிருந்து, ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து அச்சுகளுக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டுகளான முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு, ஒரே வேகத்தில் மட்டுமே சுழல முடியும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 2.45 மீட்டர் இடைவெளி உள்ள ஒரு குட்டை ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின் அச்சின் நடுப்புள்ளி 8 மீட்டர் ஆரத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவைச் சுற்றினால், முன் அச்சின் நடுப்புள்ளி சுமார் 8.37 மீட்டர் ஆரத்தில் சுற்றும். அரை வட்டம் முடியும்போது பின் அச்சு 25.1 மீட்டரும் முன் அச்சு 26.3 மீட்டரும் கடந்திருக்கும். இந்த ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த வேறுபாடு ஏறத்தாழ அரைச் சக்கரச் சுற்றுக்குச் சமம். அச்சின் கியர் விகிதம் 4-க்கு அருகில் இருப்பதாக (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் நான்கு சுற்று) வைத்துக்கொண்டால், ஷாஃப்ட் கணக்கில் அது கிட்டத்தட்ட இரண்டு முழுச் சுற்று.

எந்த எஃகுத் தண்டும் இரண்டு சுற்று முறுக்கிக்கொண்டு பிழைக்காது. ஆகவே எங்கேனும் டயர் சறுக்கியே தீர வேண்டும். சேற்றிலும் மணலிலும் அது சிறு விசையிலேயே சறுக்கிவிடும். ஓட்டுபவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. காய்ந்த தாரில் டயர் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. அது சறுக்கும் வரை, ஈரத்துணியை இரு முனையிலும் பிடித்துப் பிழிவது போல முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட், அவற்றின் மூட்டுகள், பற்சக்கரங்கள் அனைத்தும் முறுக்கப்படுகின்றன. விசை எல்லை மீறியதும் டயர் ஒரு தவ்வு தவ்வி விடுபடுகிறது; உடனே அடுத்த முறுக்கு தொடங்கிவிடுகிறது. உங்கள் வண்டி தவ்வித் தவ்வி நகர்ந்தது இதனால்தான்.

2024 மார்ச் 11

இடது வளைவும் வலது வளைவும் ஒன்றையொன்று கழித்துவிடாதா என்ற கேள்விக்கு நேற்று விடை எழுதவில்லை. கழித்துவிடாது. இதைப் பலரும் தவறாகவே நினைத்துக்கொண்டிருப்பதால் தனியாக எழுதுகிறேன்.

வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் அதிகத் தூரம் போவது முன் அச்சுதான். முன்னோக்கி ஓட்டும் வரை இடது வளைவும் வலது வளைவும் முறுக்கை ஒரே திசையில்தான் ஏற்றும். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றையும் மேலே சொன்ன அளவிலேயே வைத்துக்கொண்டாலும், மேலே போய்ச் சேர்வதற்குள் முன் டயர்கள் பின் டயர்களைவிட 80 மீட்டர் அதிகமாக உருண்டிருக்க வேண்டும். அப்படி உருள வழியில்லாததால், அந்த 80 மீட்டரையும் தாரில் தேய்த்துத்தான் கடந்திருக்கும். முன் டயர்களின் வெளி ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். டயரின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டையான பட்டனின் ஒரு விளிம்பு கூர்மையாகவும் மறு விளிம்பு மழுங்கியும் தட்டுப்பட்டால், அது தேய்ந்து கடந்த தூரத்தின் தடயம்.

2024 மார்ச் 11, மாலை

லிவர் ஏன் கழலவில்லை என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் 4 ஹையை இணைப்பது பற்கள் கொண்ட ஒரு நகரும் வளையம். முறுக்கு ஏறியிருக்கும்போது அதன் பற்கள் எதிர்ப் பற்களின் மேல் பெரும் விசையோடு அழுந்திக் கிடக்கின்றன. அந்த உராய்வை மீறிக் கையால் வளையத்தை நகர்த்த முடியாது. இரு கைகளாலும் இழுத்தால் வளையம் நகர்வதற்கு முன் அதைத் தள்ளும் ஃபோர்க் வளையக்கூடும் என்பதால், பலத்தைக் காட்டவே கூடாது.

செய்ய வேண்டியது ரிவர்ஸ். வண்டியை முன்னோக்கித் திருப்பி முறுக்கு ஏறியிருந்தால், அதே பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்து மெல்லப் பின்னோக்கி வர முறுக்கு அவிழும். பின்னோக்கிப் போகும்போதும் அதிகத் தூரம் உருள்வது முன் அச்சுதான், ஆனால் சுழற்சியின் திசை எதிராகிவிடுகிறது. ரிவர்ஸிலேயே மெதுவாக நகர்ந்துகொண்டு, கிளட்சை மிதித்தபடி லிவரை இலேசாக 2 ஹை பக்கம் அழுத்தி வைத்திருந்தால், முறுக்கு பூச்சியத்தைத் தாண்டும் இடத்தில் அது தானாக விழுந்துவிடும். விழுந்ததும் நிறுத்திவிட வேண்டும். விழாமல் மேலும் வெகுதூரம் ரிவர்ஸில் போனால் எதிர்த்திசையில் முறுக்கு ஏறத் தொடங்கும். பக்கத்தில் மண்தரை இருந்தால் அங்கே ஓட்டிச் சென்று சில மீட்டர் உருட்டுவது அதைவிடவும் எளிது.

ஒரு சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி முறுக்கை விடுவிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். விடுபடும் கணத்தில் அந்தச் சக்கரம் திடீரென்று சுழலும், ஜாக்கி சரியலாம். மலைச்சாலையின் ஓரத்தில் இதைச் செய்யவே வேண்டாம்.

2024 மார்ச் 13

வண்டியின் கீழே பார்க்க வேண்டியவை. உங்கள் ஜீப்பில், முன் சக்கரங்களை அச்சுத்தண்டிலிருந்து பிரித்துவிடும் ஃப்ரீ வீலிங் ஹப் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் 2 ஹையில் போனாலும் முன் சக்கரங்கள் முன் டிஃபரென்ஷியலையும் முன் ஷாஃப்டையும் சுழற்றிக்கொண்டேதான் இருக்கும். முன் ஷாஃப்டில் அடிபட்டிருந்தால் 4 ஹையில் இல்லாதபோதும் அதிர்வு தெரியும் என்பதை நினைவில் வையுங்கள்.

சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்த பிறகே கீழே போக வேண்டும். ட்ரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்தால், கியர் போட்டிருந்தாலும் வண்டி உருளும். மெக்கானிக்குகளே சில நேரம் மறந்துவிடும் விஷயம் இது. முன் ஷாஃப்டை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டி, பிறகு இட வலமாகத் திருகிப் பாருங்கள். ஷாஃப்டின் முனை மூட்டில் சிலுவை வடிவில் இருக்கும் பாகம் யூ-ஜாயிண்ட் கிராஸ்; நல்ல நிலையில் இருந்தால் அதில் துளி ஆட்டமும் இருக்காது. கிராஸின் நான்கு மூடிகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருந்தால், உள்ளே ஊசி பேரிங்குகள் கிரீஸ் இல்லாமல் காய்ந்து அரைபட்டுவிட்டன என்று பொருள். முறுக்கு ஏறும்போது முதலில் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் ஏற்கெனவே காய்ந்துபோன ஒரு கிராஸ்தான்.

'டக்' ஓசை கிளம்பும்போதும் ரிவர்ஸ் மாற்றும்போதும் மட்டும் கேட்டால் சந்தேகம் கிராஸின் மேல் விழும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது மட்டும் வரிசையாகக் 'கடக் கடக்' என்று கேட்டால், முன் ஆக்ஸிலின் வெளி மூட்டைச் சந்தேகிக்க வேண்டும். வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை அச்சின் நடுவில் உள்ள கிரௌன் வீல், பினியன் பற்சக்கரங்களைச் சேர்ந்தது. 4 ஹையில் போட்டு மண்ணில் இழுக்கும்போது மட்டும் உள்ளே ஏதோ தாவிக் குதிப்பது போலத் தெரிந்தால்தான், செயின் உள்ள ட்ரான்ஸ்ஃபர் கேஸில் செயின் நீண்டு பற்களின் மேல் ஏறுகிறது என்று சொல்ல முடியும். நீங்கள் சொல்வது முதல் வகை.

2024 மார்ச் 14

மிக முக்கியமான ஒன்றைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: மலைக்குப் போவதற்கு முன் பின் டயர்கள் இரண்டை மட்டும் புதிதாக மாற்றியிருக்கிறீர்கள். 10-ஆம் தேதி நான் போட்ட கணக்கு நான்கு டயர்களும் ஒரே அளவில் இருப்பதாக வைத்துக்கொண்டு போட்டது. உங்கள் வண்டிக்கு அது போதாது.

புது டயரின் பட்டனுக்கும் பாதி தேய்ந்த டயரின் பட்டனுக்கும் ஆரத்தில் 3, 4 மில்லிமீட்டர் வேறுபாடு இருக்கும். 39 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் அது ஒரு விழுக்காட்டை நெருங்கக்கூடியது. ஒரு விழுக்காடு என்றால் நேரான சாலையிலேயே ஒரு கிலோமீட்டருக்கு 10 மீட்டர். வளைவே இல்லாத சாலையிலும் 4 ஹையில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். நேராகப் போனால் ஒன்றும் ஆகாது என்று பலர் எழுதுவது, நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம், ஒரே காற்றழுத்தம் என்றால் மட்டுமே பொருந்தும்.

உங்கள் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். வளைவில் முன் அச்சு அதிகச் சுற்றுகள் சுற்ற வேண்டும். தேய்ந்து சிறுத்த முன் டயர்களுக்கு அதே தூரத்தைக் கடக்க அதற்கும் மேல் சுற்றுகள் தேவை. இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டன. புது டயர்கள் முன்னால் இருந்திருந்தால் ஒன்று மற்றொன்றை ஓரளவு ஈடுகட்டியிருக்கும். அதனால் இனி முன்னால் போடுங்கள் என்று சொல்ல வரவில்லை; ஃபோர் பை ஃபோர் வண்டியில் நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டும், இடையில் முறையாக இடம் மாற்றி ஓட்ட வேண்டும்.

அளந்து பார்ப்பது எளிது. நான்கிலும் காற்றைச் சரிசெய்துகொண்டு, சிமெண்ட் தரையில் வண்டியை நேராக நிறுத்தி, ஒரு முன் டயரிலும் ஒரு பின் டயரிலும் தரையைத் தொடும் இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, தரையிலும் அதே இடத்தில் கோடு போடுங்கள். 2 ஹையில், எஞ்சினை அணைத்துவிட்டு, நான்கைந்து சுற்றுகள் தள்ளிவிட்டு, ஒவ்வொரு டயரின் கோடும் மீண்டும் தரைக்கு வரும் இடத்தைக் குறித்து டேப் பிடித்து அளந்தால் இரண்டின் உருளும் சுற்றளவும் கிடைத்துவிடும். டயரை வெறுமனே நூல் சுற்றி அளப்பதைவிட இது நம்பகமானது, ஏனெனில் வண்டியின் எடை ஏறிய நிலையில் உருளும் அளவைத்தான் சாலை அறியும்.

2024 மார்ச் 17

"என் மைத்துனரின் ஃபார்ச்சூனர் எப்போதும் நான்கு சக்கரத்திலும்தான் ஓடுகிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எந்த ஆண்டு வண்டி என்று அவர் சொல்லியிருந்தால் விடையும் அதிலேயே இருந்திருக்கும். 2009-இல் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை ஃபார்ச்சூனரின் நான்கு சக்கர இயக்கம் முழுநேரமானது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு டிஃபரென்ஷியல் உண்டு, தேவைப்பட்டால் அதைப் பூட்டலாம். 2016-இல் வந்த இரண்டாம் தலைமுறையின் ஃபோர் பை ஃபோர் வகையில் 2 ஹை, 4 ஹை, 4 லோ (நான்கு சக்கரமும் குறைந்த வேகத்தில் கூடுதல் விசையோடு இழுக்கும் நிலை) என்ற பகுதிநேர அமைப்பே இருக்கிறது. ஒரே பெயர்ப்பலகை, வேறு வேறு இயக்கம். 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவரிலேயே நடு டிஃபரென்ஷியல் இருந்தது. அதற்கு மாறாக, 1941-இன் வில்லிஸ் ஜீப்பிலிருந்து மாருதி ஜிப்ஸி, மகிந்திரா தார், ஜிம்னி வரை நம்மவர்கள் அதிகம் ஓட்டும் வண்டிகள் பகுதிநேரமானவை. மிட்சுபிஷி பஜேரோவின் சூப்பர் செலக்ட் அமைப்பில் இரண்டு வசதிகளும் உண்டு: அதன் 4 ஹையில் நடு டிஃபரென்ஷியல் திறந்திருக்கும், தாரில் ஓட்டலாம், அதற்கு அடுத்த நிலையில் அது பூட்டப்பட்டுவிடும், தாரில் ஓட்டக்கூடாது.

ஆகவே லிவரில் எழுதியிருப்பதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். வண்டியோடு வந்த கையேட்டில், காய்ந்த கெட்டியான சாலையில் 4 ஹையைப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இருந்தால் நடு டிஃபரென்ஷியல் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

2024 மார்ச் 18

மலை இறங்கும்போதாவது 4 ஹை உதவுமே, எஞ்சின் பிரேக் கூடுமே என்ற கேள்விக்கு விடை: அதிகரிக்காது. 4 ஹையில் கியர் விகிதம் மாறுவதில்லை. அதே எஞ்சின் தடுப்பு இரண்டு சக்கரங்களுக்குப் பதிலாக நான்குக்குப் பகிரப்படுகிறது, அவ்வளவுதான். வால்பாறையின் 40 வளைவுகளிலோ கல்லட்டியின் 36 வளைவுகளிலோ இறங்க 2 ஹையும் இரண்டாம் கியரும் போதும்; செங்குத்தான இடத்தில் முதல் கியர். எஞ்சின் பிரேக் உண்மையிலேயே கூடுவது 4 லோவில். ஆனால் அதற்குரிய இடம் சரளையும் சேறும் உள்ள தோட்டப்பாதை. தாரில் 4 லோ போட்டால் எஞ்சினின் முறுக்குவிசை பலமடங்காகி அதே ஷாஃப்டுகளின் மேல் விழும்.

மழை பெய்துகொண்டிருக்கும் மலைச்சாலையைப் பற்றித் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். நனைந்த தாரில் டயர் சற்று எளிதாகச் சறுக்கும், முறுக்கும் அந்த அளவுக்குக் குறையும். ஆனாலும் நல்ல டயர்களுக்கு நனைந்த தாரிலும் நிறையப் பிடிமானம் இருக்கிறது; இறுக்கமான வளைவில் ஸ்டியரிங் கனப்பதை அப்போதும் உணரலாம். மண் சரிந்து சாலையில் சேறு பரவிக் கிடக்கும் இடத்தில் 4 ஹை போட்டுக் கடந்து, மறுபக்கம் தார் தெரிந்ததும் எடுத்துவிடுவதே என் வழக்கம்.

2024 மார்ச் 21

இவ்வளவையும் படித்துவிட்டு, இனி 4 ஹையைத் தொடவே மாட்டேன் என்று ஒருவர் எழுதியிருப்பது வருத்தமளிக்கிறது. தொடாமலே விட்டாலும் பழுதுதான். பல ஆண்டுகள் அசையாத ஃபோர்க் துருவேறி இறுகும், ஹப்புகளில் கிரீஸ் கட்டியாகும், முன்பக்க சீல்கள் காயும். மாதம் ஒருமுறையாவது மண்பாதையிலோ காய்ந்த ஏரிக்கரையிலோ 4 ஹையிலும் 4 லோவிலும் கொஞ்சத் தூரம் ஓட்ட வேண்டும்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டும் ஓட்டுநர்களின் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டவன் நான். ஃப்ரீ வீலிங் ஹப் உள்ள பழைய ஜீப் ஒன்றின் ஓட்டுநர், கற்பாதை முடிந்து தார் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினார். சக்கரங்களின் பாதி இன்னும் மண்ணில்தான் இருந்தது. முதலில் லிவரைத் தட்டி 2 ஹைக்குக் கொண்டுவந்தார். பிறகு இறங்கி, இரு முன் சக்கரங்களின் நடுவிலும் இருந்த திருகுக் குமிழைச் சட்டைத் துணியால் துடைத்துவிட்டுத் திருப்பினார். ஏன் இங்கேயே, இன்னும் பத்தடி போய்ச் செய்தால் என்ன என்று கேட்டேன். "தாருல ஏறிட்டா லிவர் நம்ம பேச்சக் கேக்காது சார்" என்றார். ஆரக் கணக்கு எதுவும் போடாமல் அவர் கடைப்பிடித்த அந்த ஒழுங்கினால்தான், தினமும் அந்தக் கற்களில் அடிவாங்கும் வண்டியின் ஷாஃப்டுகள் உயிரோடு இருக்கின்றன என்று நம்புகிறேன்.

2024 மார்ச் 31

கேள்வி கேட்டவர் வேறொரு பட்டறையில் காட்டிவிட்டு எழுதியிருக்கிறார். முன் ஷாஃப்டின் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்துக் கிராஸில் இரண்டு மூடிகளின் ஊசிகள் பொடியாகிக் கிடந்தனவாம். மறுமுனைக் கிராஸும் கிரீஸ் நிப்பிள் அடைபட்டுக் காய்ந்திருந்ததாம். சுண்ணக்கட்டி அளவில் முன் டயர் ஒரு சுற்றுக்குப் பின் டயரைவிட 2 சென்டிமீட்டர் குறைவாக உருண்டதாம். இது ஒரு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு கிராஸையும் மாற்றியதும் 'டக்' ஓசை போய்விட்டது, அதிர்வு குறைந்திருக்கிறது ஆனால் முழுவதும் போகவில்லை என்கிறார்.

மீதமுள்ள அதிர்வுக்கு இன்னொரு பாகத்தை வாங்கும் முன் ஷாஃப்டைக் கழற்றும்போது குறியிட்டார்களா என்று கேளுங்கள். நடுவில் சறுக்கும் இணைப்பு உள்ள ஷாஃப்டை இரண்டாகப் பிரித்துத் திரும்பக் கோர்க்கும்போது, இரு முனைகளின் கவைகளும் ஒரே தளத்தில் அமைய வேண்டும். ஒரு பல் தள்ளிக் கோர்த்தாலே அதிர்வு வரும். பெரும்பாலான ஷாஃப்டுகளில் இதற்காகவே இரு பாதியிலும் அம்புக்குறி பொறித்திருப்பார்கள்; துருவைச் சுரண்டினால் தெரியும்.

2024 ஏப்ரல் 7

அம்புக்குறிகள் நேராக இல்லை என்பது உறுதியாகி, திருத்திக் கோர்த்ததும் அதிர்வு நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறார். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை வடித்துப் பார்த்ததில் காந்தம் உள்ள டிரெயின் பிளக்கில் சாம்பல் நிறப் பசை மட்டும் ஒட்டியிருந்ததாம். விரல்களுக்கிடையே தேய்த்தால் வழுவழுப்பாக இருக்கும் அந்தப் பசை இயல்பான தேய்மானம். நகத்தில் நெருடும் துணுக்குகளோ பல்லின் முனை போன்ற துண்டுகளோ வந்திருந்தால் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கும், வரவில்லை.

புது ஆயில் ஊற்றும்போது கையேட்டில் சொன்ன வகையையே ஊற்றச் சொல்லுங்கள், ஏனெனில் செயின் உள்ள பெட்டிகள் பலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும், பற்சக்கரம் மட்டுமே உள்ளவற்றுக்குக் கெட்டியான கியர் ஆயிலும் வேண்டியிருக்கும். ஃபோர்க் வளையவில்லை என்பதை உறுதிசெய்ய, மண்தரையில் 4 ஹைக்கும் 2 ஹைக்கும் சிலமுறை மாற்றிப் பார்த்து, லிவர் முழுத் தூரம் போகிறதா, 4 ஹையைக் காட்டும் விளக்கு உடனே எரிந்து உடனே அணைகிறதா என்று கவனியுங்கள். முன் டயர்கள் இரண்டும் மாற்றப்படும் வரை, சேறு கண்ட இடத்தைத் தவிர வேறெங்கும் 4 ஹை வேண்டாம். 1,000 கிலோமீட்டர் ஓடியதும் டிரெயின் பிளக்கை மறுபடியும் கழற்றி அந்தக் காந்தத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.